மாப்பிள்ளை கொடுத்துவிட்ட வள்ளம்

தங்கையின் கலியாணம் முடிந்து இரண்டு வெள்ளிக்கிழமைகள் நாங்கள் விளையாடவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, வழக்கம்போல உம்மாவின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். புது மாப்பிள்ளை முன்விறாந்தையில் ஒரு கதிரையில் தனியாக இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் கலியாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனக்கு வாப்பா அதே வளவுக்குள் ஒரு வீடு கட்டித் தந்துவிட்டுத்தான் மௌத்தானார். பழைய வீடு தங்கைக்கு என்று எப்போதோ முடிவானது. உம்மாவும் அவளோடுதான். ஆகவே அந்த மேசையும், அந்த விறாந்தையும், நாங்கள் குந்தியிருந்த கதிரைகளும் முறைப்படி பார்த்தால் இப்போது அவருடைய வீட்டுச் சாமான்கள். விருந்தாளிகள் நாங்கள்தான். ஆனால் விருந்தாளி மாதிரி ஒதுங்கி இருந்தவர் அவர்.

விளையாட்டு என்றால் என்ன விளையாட்டு என்று சொல்லவேண்டும். நான் அதைக் கெம்பஸ் விடுதியில் பழகினேன். பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஒவ்வொருவரும் கதைக்குள் ஓர் ஆளாக இருப்பார்கள். "கதவு பூட்டியிருக்கு. உள்ளே யாரோ இருமுற சத்தம் கேக்குது. என்ன செய்யிறீங்க?" என்று கதை நடத்துபவர் கேட்டால், தன் ஆள் என்ன செய்வான் என்று ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். அது பலிக்குமா இல்லையா என்று பார்க்க இருபது முகம் உள்ள ஒரு கட்டையை உருட்டுவோம். பெரிய எண் விழுந்தால் பலித்துவிடும். சின்ன எண் விழுந்தால் கதை நாங்கள் நினைக்காத பக்கம் திரும்பும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானில் ஆறு வருடமாக ஒரே கதையை நடத்திக்கொண்டிருந்தோம்.

கதை நடத்துவது நான். என் கணவர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை செய்கிறார், நிஜத்தில் யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். கதைக்குள் அவர் கோடரி தூக்கும் பெரிய வீரன், பூனையைக் கண்டால் மட்டும் நடுங்குவான். தங்கை வைத்தியக்காரி. கட்டுப் போடும்போது காயப்பட்டவனைத் திட்டித் தீர்ப்பாள். நாலாவது ஆள், வங்கியில் எனக்குப் பக்கத்துக் கவுண்டரில் இருக்கும் சிநேகிதி. பாண்டிருப்பிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். எந்தப் பூட்டையும் திறக்கிற கள்ளி அவள்.

ஆறு வருடத்தில் எங்களுக்கென்று ஒரு பாஷையே உண்டாகிவிட்டது. யாராவது "கருவாடு" என்றால் போதும், நாலு பேரும் மேசையில் விழுந்து சிரிப்போம். ஒருமுறை கோட்டை வாசல் காவலாளிகளிடம் கருவாட்டு வியாபாரிகள் என்று பொய் சொல்லி, அவர்கள் உண்மையிலேயே விலை கேட்டு நாங்கள் மாட்டிக்கொண்ட கதை அது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாலு பெரிய மனிதர்கள் கருவாட்டுக்குச் சிரிக்கிறார்கள் என்றுதான் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமையும் யாரோ கருவாடு என்றார்கள். தங்கை வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தவள் விறாந்தைப் பக்கம் பார்த்தாள். சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்று அவள் சிரிக்கவில்லை.

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனபோது தங்கை பின்னாலேயே வந்தாள்.

"ராத்தா, நான் இத உட்டுறன்."

"எத?"

"விளையாட்ட. அவர் அங்க தனிய இரிக்கக்கொள்ள எனக்கு இங்க சிரிக்க ஏலா."

"அப்ப அவரயும் கூப்பிடு."

"கூப்பிட்டா வருவார். வேணாமெண்டு சொல்லத் தெரியா அவருக்கு. அதான் கூப்பிடல்ல."

அவள் சொன்னது எனக்கு விளங்கியது. அவரைக் கூப்பிடச் சொன்ன என் வாய்க்குப் பின்னால் வேறொரு பயமும் இருந்தது. ஒரு புது ஆள், அதுவும் மாப்பிள்ளை, மேசைக்கு வந்தால் நாங்கள் நாங்களாக இருக்க முடியுமா? அவர் வீட்டுக்குள் வந்தாலே நானும் தங்கையும் குரலைத் தாழ்த்தினோம், நான் முக்காட்டைச் சரி செய்துகொண்டேன். உம்மா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினா. பாரை மீனின் நடுத்துண்டு அவருடைய பீங்கானுக்குத்தான். அவர் எழும்பினால் உம்மாவும் எழும்பினா. கல்முனைக் கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கிற ஒரு சாதாரண மனிதர் அவர். மருதமுனைக்காரர். எங்கள் கல்முனைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் சீட்டுக் கிழித்து முடிவதற்குள் மருதமுனை வந்துவிடும். ஆனாலும் தூர தேசத்திலிருந்து வந்த தூதுவரைப் போலத்தான் அவரை வைத்திருந்தோம்.

அன்றிரவு சாப்பிடும்போது என் கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கும் அப்பிடித்தானே இரிந்திச்சு" என்றார்.

"எப்பிடி?"

"இந்த வளவுக்குள்ள வந்து ரெண்டு வருஷம் ஒரு கோப்ப கழுவ உடல்ல ஒங்கட உம்மா. ஒரு ஆணி அடிக்க உடல்ல. ஊட்டுல எல்லாரும் என்னமோ கதச்சுச் சிரிப்பீங்க. நான் வந்தா நிப்பாட்டிருவீங்க."

கலியாணம் முடித்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"என்னண்டு சொல்ற? என்ன நல்லாப் பாக்காங்க எண்டு முறைப்பாடு வெக்கிறதா?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது அவரே மாப்பிள்ளையிடம் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அஸருக்குப் பிறகு நாங்கள் மேசையில் உட்கார்ந்தபோது அறைக்கதவு திறந்தது. மாப்பிள்ளை வந்தார். ஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. அத்தர் வாசம் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது. நிக்காஹ் மஜ்லிஸுக்கு வருகிறவர் மாதிரி ஸலாம் சொல்லி, காட்டிய கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தங்கை மேசைத்துணியின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

என் சிநேகிதிக்கு இதில் பெரிய விருப்பம் இல்லை. அவரையும் சேர்க்கலாமா என்று முதல் நாள் வங்கியில் நான் கேட்டபோதே சொல்லியிருந்தாள்: "ஆறு வருஷக் கதைய என்னெண்டு ஒரு ஆளுக்குச் சொல்லி முடிக்கிற? அவருக்கு விளங்கவும் மாட்டாது, நமக்குச் சிரிக்கவும் ஏலாது." ஆனாலும் அவர் உட்கார்ந்ததும் தன் முன்னாலிருந்த ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நீங்க எப்படியான ஆளா இரிக்க விரும்புறீங்க?" என்று கேட்டேன். "வீரன், மந்திரவாதி, வேடன், பாட்டுக்காரன், என்ன வேணுமெண்டாலும்."

அவர் யோசித்தார். கடையில் ஒருவர் ஏதோ பாகம் கேட்டு வந்தால் எப்படி யோசிப்பாரோ அப்படி.

"ஒங்களுக்கு எது இல்லாமக் கிடக்கு மதினி? இல்லாதத நான் எடுக்கிறன்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையில் எங்களிடம் ஒன்று இல்லாமல்தான் இருந்தது. எங்களிடம் ஒரு வள்ளம் இருந்தது, அதைச் செலுத்தத் தெரிந்த ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் கட்டையை உருட்டி, மணல் திட்டில் ஏற்றி, தள்ளி இறக்கி, அப்படியே காலத்தை ஓட்டினோம்.

"வள்ளக்காரன்" என்றார் என் கணவர்.

"சரி. வள்ளக்காரன்" என்றார் அவர்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் விளக்கம் சொல்லிச் சொல்லியே மஃரிப் தொழுகை நேரம் ஆகிவிட்டது. இரண்டாவது வாரம் கதை தொடங்கியது. "நீங்க என்ன செய்யிறீங்க?" என்று நான் கேட்கும்போதெல்லாம் அவர், "மதினி எப்பிடிச் சொல்றாவோ அப்பிடி" என்றார். என் கணவர் இடதுபக்கம் போவோம் என்றால் இடதுபக்கம். சிநேகிதி வலதுபக்கம் என்றால் அதுவும் நல்லதுதான். தங்கை அவருக்காக வெட்கப்பட்டாள், எங்களுக்காகவும் வெட்கப்பட்டாள். கதைக்குள் அவளுடைய வைத்தியக்காரி திட்டுவதை நிறுத்தி, "மெதுவா, பார்த்து" என்று மருந்துக் கடைக்காரி மாதிரிப் பேசினாள்.

மூன்றாவது வாரம் ஆற்றில் முதலை வந்தது. வள்ளத்தின் விளிம்பில் நின்றவர் அவர். நான் கட்டையை உருட்டினேன். முதலைக்கு நல்ல எண். கையையோ காலையோ பிடித்திருக்கவேண்டும். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். குசினியிலிருந்து உம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்தா. நான் கட்டையைக் கையால் மூடி எடுத்துக்கொண்டு, "முதலை வாயத் திறந்திச்சு, ஆனா அலை அடிச்சு வள்ளம் விலகிட்டு" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றா உம்மா, என்ன விஷயம் என்று தெரியாமலே.

விளையாட்டு முடிந்து சிநேகிதி போன பிறகு, நான் பின்பக்கக் குழாயடியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வாசற்படியில் வந்து நின்றார். உம்மா இல்லையா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மதினி, அந்த முதல என்னக் கடிச்சிரிக்கணும், என்னா?"

நான் கழுவிய கோப்பையையே இன்னொருமுறை அலசினேன்.

"கட்டய நான் பாத்தன். பதினெட்டு."

"புதுசா வந்த ஆள், முதல்லயே காயப்பட வேணாமெண்டு…"

அவர் சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"இந்த ஊட்டுல மின்விசிறி எனக்கு மரியாத செய்யுது. மீன் மரியாத செய்யுது. இப்ப முதலயும் மரியாத செய்யுது மதினி. நான் எங்க போற?"

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். "குறையாச் சொல்லல்ல. மாமி என்ன ராசா மாதிரி வெச்சிரிக்கா. என்ட உம்மாட ஊட்டுல நான்தான் தண்ணி அள்ளி ஊத்துற, தேங்கா உரிக்கிற. ராவைக்குப் படுக்கக்கொள்ள என்னமோ செஞ்ச மாதிரி இரிக்கும். இங்க படுக்கக்கொள்ள ஒண்டும் செய்யாத மாதிரி இரிக்கி."

ஒரு கோப்பையை அவரிடம் நீட்டலாமா என்று நினைத்தேன். நீட்டவில்லை. உம்மா பார்த்தால் எனக்குத்தான் ஏச்சுக் கிடைக்கும். "அடுத்த கிழம கடிக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் அடுத்த கிழமை கடித்தது முதலை அல்ல.

அந்த வள்ளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கதையின் இரண்டாவது வருடத்தில் ஓர் உடைந்த வள்ளத்தை மணலுக்குள் புதைந்தபடி கண்டெடுத்தோம். மரம் தேடி, தச்சனைத் தேடி, அடியில் பூசக் கீல் தேடி, பாய்க்குத் துணி களவெடுத்து, அதைக் கடலில் இறக்க எங்களுக்கு ஒரு வருடத்து வெள்ளிக்கிழமைகள் பிடித்தன. சிநேகிதிக்கு அது உயிர். கலர் பென்சிலால் அதை வரைந்து கொண்டுவந்து, உம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். நீல விளிம்பு, மஞ்சள் பாய், முன்பக்கம் ஒரு கண். அவளுடைய தாய் சுகமில்லாமல் கிடந்த மாதங்களில்கூட அவள் விளையாட வந்தாள். "ரெண்டு மணித்தியாலம் வள்ளத்துல இரிந்திட்டுப் போறன்" என்பாள். இதெல்லாம் மாப்பிள்ளைக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கதையில் ஆறு பெருகியது. நடுத்திட்டில் ஒரு குடும்பம் அகப்பட்டிருந்தது. கிழவன், கிழவி, மகள், மூன்று பிள்ளைகள், ஒரு பூனை. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. எங்களுடைய ஆட்கள் விடிவதற்குள் கோட்டைக்குப் போய்ச் சேரவேண்டும். நான் அந்த மகளாகப் பேசினேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்கள உட்டுட்டுப் போயிராதீங்க" என்று அழுதேன். பழைய ஆட்களுக்கு என் அழுகை பழகிப்போனது. அவர்கள் கணக்குப் போட்டார்கள். இரண்டு பிள்ளைகளை மட்டும் ஏற்றலாமா, கயிறு கட்டி இழுக்கலாமா, திரும்பி வரும்போது பார்க்கலாமா.

"வள்ளக்காரன் என்ன செய்யிறார்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மதினி எப்பிடிச் சொல்றாவோ" என்று வரும் என்று எல்லாரும் நினைத்தோம்.

"நான் வள்ளத்த அவங்களுக்குக் குடுக்கிறன்."

"என்ன?" என்றாள் சிநேகிதி.

"நம்மள இக்கரையில இறக்கிட்டு, அவங்கள ஏத்திட்டு வந்து, வள்ளத்த அவங்களுக்கே குடுத்திருவம். அவங்க அதுல போகட்டும். நாம நடப்பம்."

"ஏத்தி இறக்கிட்டு வள்ளத்த நாம வெச்சுக்கலாமே தம்பி" என்றார் என் கணவர் மெதுவாக.

"திரும்பவும் ஆறு பெருகினா அந்தப் புள்ளைகளுக்கு ஆரு இரிக்கா?" அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். "வள்ளம் என்ட பொறுப்பு எண்டுதானே சொன்னீங்க."

சொன்னோம்தான். எங்கள் மேசையில் ஒரு சட்டம் உண்டு. அவரவர் ஆளின் கையில் இருப்பதை அவரவர்தான் தீர்மானிக்கவேண்டும். சொன்னது சொன்னதுதான், திரும்ப எடுக்க முடியாது. இந்தச் சட்டத்தை ஆறு வருடமாகப் பிடித்துக்கொண்டு நின்றவள் சிநேகிதிதான்.

அவள் கட்டையை மேசையில் வைத்தாள். "நாலு வருஷம்" என்றாள். "நாலு வருஷம் நாங்க அந்த வள்ளத்த… ஒங்களுக்கு என்ன தெரியும்? வந்து ஒரு மாசம் ஆகல்ல." தோள்பையை எடுத்தாள். தலைக்கவசத்தை எடுத்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியது.

மாப்பிள்ளையின் முகம் சிவந்து போயிருந்தது. "நான் பிழை செஞ்சிட்டனா?" என்று தங்கையைக் கேட்டார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், எங்கள் முன்னாலேயே. "இல்ல. ஆனா எதுக்குக் குடுத்தீங்க?"

"மதினி அழுதாவே" என்றார்.

ஆறு வருடமாக அந்த மேசையில் நான் எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். கிழவியாக, சிறுவனாக, தோற்றுப்போன அரசனாக. என் அழுகையை ஒருவர் உண்மையென்று நம்பி அதற்காக எதையாவது கொடுத்தது அன்றுதான்.

திங்கட்கிழமை வங்கியில் சிநேகிதி பக்கத்துக் கவுண்டரில் இருந்தாள். முத்திரை குத்தினாள், வாடிக்கையாளர்களோடு சிரித்தாள். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி என்னைப் பார்க்காமலே, "அந்தப் படத்தக் கழட்டிரு புள்ள" என்றாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தங்கை ஏற்கனவே அதைக் கழற்றி, கசங்காமல் ஒரு கோப்புக்குள் வைத்திருந்தாள்.

புதன்கிழமை மாப்பிள்ளை வங்கிக்கு வந்தார். கடைக் காசு போட வழக்கமாக அவருடைய அண்ணன், அவர் காக்கா என்று கூப்பிடுபவர்தான் வருவார். என் கவுண்டரில் ஆளே இல்லை, நான் கையைக் காட்டினேன். அவர் எனக்குத் தலையசைத்துவிட்டு, சிநேகிதியின் வரிசையில் போய்க் கடைசி ஆளாக நின்றார். ஓய்வூதியக்காரர்கள் நிறைந்த வரிசை அது. மெல்ல நகர்ந்து நகர்ந்து வந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, வள்ளத்தப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா. இப்பதான் இவ சொன்னா. நீங்க வரஞ்ச படத்தயும் காட்டினா. மன்னிச்சிருங்க."

சிநேகிதி காசு போடும் துண்டுச்சீட்டை வாங்கிச் சரிபார்த்தாள்.

"ஆனா அக்கா…" அவர் பின்னால் நின்ற கிழவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொய் சொல்லப்படாது. அப்பிடியே திரும்பவும் வந்தா, திரும்பவும் குடுப்பன் போலதான் இரிக்கி."

அவள் முத்திரையைத் தூக்கிய கையோடு அப்படியே அவரைப் பார்த்தாள். பிறகு குத்தினாள். துண்டின் பாதியைக் கிழித்துக் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழம நல்ல சப்பாத்தாப் போட்டுட்டு வாங்க தம்பி" என்றாள். "வள்ளமில்ல. நடக்கக் கிடக்கு."

அந்த வெள்ளிக்கிழமை நடந்தோம். அடுத்த வெள்ளிக்கிழமையும் நடந்தோம். ஆற்றின் மேல் போகிற கதைக்குத்தான் நான் ஆயத்தமாக இருந்தேன். காடும் மலையும் என் யோசனையிலேயே இருக்கவில்லை. சோறு வடிக்கும்போதும் உடுப்புக் காயப்போடும்போதும் புதுப் புது ஊர்களை உண்டாக்கினேன். ஒரு காலத்தில் சலித்துப்போகத் தொடங்கியிருந்த கதை அது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மலைக்கு மேலே ஏறியபோது என் கணவர் கதிரையை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டதை நான் கவனித்தேன்.

சிநேகிதி வழி முழுக்க முறுமுறுத்தாள். கல் குத்தினால் அவரால். மழை பெய்தால் அவரால். சாப்பாடு முடிந்தால் அவரால். "ஏன்டா மடையா, இப்ப ஒரு வள்ளம் இரிந்தா எவ்வளவு நல்லம்!" என்று அவளுடைய கள்ளி கத்துவாள். முதல் முறை கத்தியபோது தங்கை திடுக்கிட்டாள். இரண்டாவது முறை சிரித்தாள். மூன்றாவது முறை அவளுடைய வைத்தியக்காரியும் சேர்ந்துகொண்டாள். "இவன்ட காலுக்கு மருந்து கட்ட மாட்டன். வள்ளத்தக் குடுத்த கால் தானே, வலிக்கட்டும்!" பழைய வைத்தியக்காரி திரும்பி வந்துவிட்டாள். தன் சொந்தப் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பெண், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அவரை ஏசு ஏசென்று ஏசினாள். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

மடையன் என்ற சொல் ஒருநாள் குசினி வரைக்கும் போய்விட்டது. உம்மா அகப்பையோடு ஓடி வந்தா.

"ஆரு மாப்புளய மடையன் எண்ட?"

சிநேகிதி மெல்ல மேசைக்குக் கீழே குனிந்து, விழாத கட்டையைத் தேடினாள்.

"இல்ல மாமி" என்றார் மாப்பிள்ளை. "நான் மடையன்தான். வள்ளத்தக் குடுத்துட்டன்."

"ஆர்ர வள்ளத்த?"

"எங்கட வள்ளத்த. எல்லாருமாச் சேர்ந்து கஷ்டப்பட்டுச் செஞ்ச வள்ளம்."

உம்மா அவரைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா. "வித்திட்டீங்களா?"

"இல்ல மாமி. சும்மா குடுத்துட்டன்."

"சும்மாவா?" உம்மாவின் குடும்பம் கரைவலை இழுத்து மீன் பிடித்த குடும்பம். வள்ளம் என்றால் என்னவென்று அவவுக்குத் தெரியும். "முழு வள்ளத்தயும் சும்மா குடுத்தீங்களா? அப்ப மடையன்தான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவவுக்கு விளங்கியது. அகப்பையால் வாயைப் பொத்தினா. பிறகு மாப்பிள்ளை சிரிக்கத் தொடங்கினார். மேசையில் தலையை வைத்துத் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது விளையாட்டு வள்ளம் என்று தங்கை விளங்கப்படுத்தப் போனாள். உம்மா கேட்கவில்லை. "விளையாட்டு வள்ளமெண்டாலும் ஆரும் சும்மா குடுப்பாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே குசினிக்குத் திரும்பினா. குழம்புச் சட்டியில் ஆணம் அடிப்பிடித்த வாசம் வந்தது. அன்று எல்லாருக்கும் அந்த அடிப்பிடித்த ஆணம்தான், மாப்பிள்ளைக்கும் சேர்த்து.

அதற்குப் பிறகு ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். உம்மா இப்போதும் அவரை நீங்கள் என்றுதான் கதைக்கிறா. ஆனால் ஈரத் துவாயைக் கதிரையில் போட்டால் ஏசுகிறா. ஒரு சனிக்கிழமை அவர் கூரையில் ஏறி ஓடு மாற்றினார். கீழே நின்ற உம்மா, "அது இல்ல, அதுக்குப் பக்கத்து ஓடு, கண் தெரியாதா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினா. என் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்து, "எனக்கு இது கிடைக்க ரெண்டு வருஷம் போச்சு தம்பி" என்று மேலே பார்த்துச் சொன்னார்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் சிநேகிதி தங்கையிடம் அந்தப் படத்தைக் கேட்டாள். கலர் பென்சில் பெட்டியைப் பையிலேயே கொண்டுவந்திருந்தாள். நாங்கள் விளையாடிக்கொண்டிருக்க, தன் முறை வராத நேரமெல்லாம் குனிந்து வரைந்தாள். நீல விளிம்புக்கு மேலே ஒரு கிழவன், ஒரு கிழவி, பிள்ளையை இடுப்பில் வைத்த பெண், பாய்மரத்தைப் பிடித்தபடி இரண்டு பொடியன்கள். கடைசியாக ஒரு பூனை. பூனையைப் பார்த்ததும் என் கணவரின் வீரன் நடுங்கினான். படம் திரும்பவும் குளிர்சாதனப் பெட்டிக்குப் போனது. ஒட்டியது மாப்பிள்ளை. கொஞ்சம் சரிவாகத்தான் ஒட்டினார், சிநேகிதி எழும்பிப் போய் நிமிர்த்திவிட்டு வந்தாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் மருதமுனைக்குத் தன் உம்மாவிடம் பகல் சாப்பாட்டுக்குப் போனார். அஸர் முடிந்தும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தோம். "தொடங்குவம். நான் ஏழு மணிக்குப் போகணும்" என்றாள் சிநேகிதி. தங்கையும் மறுக்கவில்லை. வள்ளக்காரனை ஒரு புளியமரத்துக்குக் கீழே நித்திரைக்குப் போட்டுவிட்டுக் கதையைத் தொடங்கினோம். ஆடும் தொங்குபாலம் ஒன்றின் முன்னால் எங்கள் ஆட்கள் நின்றபோது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். உருண்டு கிடந்த கட்டையைப் பார்த்தார்.

"நான் வராம எப்பிடித் தொடங்கின?"

உண்மையான கோபம். அந்த வீட்டில் அவர் குரல் அந்த உயரத்துக்குப் போய் நாங்கள் கேட்டதில்லை.

"என்ட ஆள் எங்க?"

"மரத்துக்குக் கீழ நித்திர" என்றேன்.

"நித்திரயா? ஆரு நித்திர கொள்ள வெச்ச? என்ட ஆள் பகல்ல நித்திர கொள்ற ஆள் இல்ல மதினி!"

"நேரத்துக்கு வந்தா முழிச்சிரிப்பான்" என்றாள் தங்கை, தலையை நிமிர்த்தாமலே.

குசினியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "தேத்தண்ணி ஆறிட்டு. வேணுமெண்டா சுட வெச்சுக் குடிங்க. நான் மஃரிபுக்கு ஒழு எடுத்துத் தொழப் போறன்."

அவர் தலைக்கவசத்தை மேசை மூலையில் வைத்துவிட்டு, முறுமுறுத்துக்கொண்டே குசினிக்குப் போனார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. தட்டுமுட்டுச் சாமான்களுக்குள் கேத்தலைத் தேடும் சத்தம். பிறகு உள்ளேயிருந்து அதட்டினார்:

"நான் வாறவரைக்கும் ஒருத்தரும் பாலத்தக் கடக்கப்படாது!"

சிநேகிதி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். சத்தமில்லாமல் கட்டையை எடுத்து உள்ளங்கைக்குள் குலுக்கி, மேசைத்துணியில் மெல்ல உருட்டினாள்.

"கடந்துட்டம் தம்பி!" என்று கத்தினாள்.